நீலாவதி கலர் மெஷின் வாங்கிய கதை

“கடைய மூடலீங்க. மெஷின்தான் போயிடுச்சு. புதுசு வந்ததும் வழக்கம்போலத் திறந்திடுவேன்,” என்றாள் நீலாவதி.

யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டு ஷ்யாமல் பாபு பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது. நாலு வீடு தள்ளிப் போனவரை “தாதா!” என்று கூப்பிட்டு நிறுத்தி, அதையே வங்காளியில் இன்னொரு தரம் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மனிதர் ஒன்றும் புரியாமல், “பாலோ, பாலோ, பௌதி,” நல்லது அண்ணி, என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த உத்தமனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பெண்டாட்டி பதறிப்போயிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிஷ நடை. தரைத்தளத்தில் வாடகை வீடு. முன்னறைதான் கடை. உத்தமன் கிதிர்பூர் டாக்கில், கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் கிரேன் ஓட்டியவர். ஆட்குறைப்பு வந்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். கிடைத்த பணத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்தார்கள். அதைச் செல்போன் தின்றுவிட்டது. அப்புறம் ஜெராக்ஸ். அப்புறம், இரண்டாயிரத்து நாலில், ஒரு கம்ப்யூட்டரும் கலர் பிரிண்டரும்.

அதை ஓட்டக் கற்றுக்கொண்டது நீலாவதி. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம் கத்தரிக்காய்க்கும் புடலங்காய்க்கும் விரலை நீட்டித்தான் வாங்கினாள். இன்றைக்கு இந்தத் தெருக் காய்க்காரர்களின் பேரப் பிள்ளைகள் ஸ்கூல் பிராஜெக்டுக்குப் புலிப்படம் வேண்டுமென்று அவள் வாசலில் நிற்கிறார்கள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கீபோர்டைத் தடவித் தடவிக் கற்றவள், இப்போது வாடிக்கையாளரோடு பேரம் பேசிக்கொண்டே அடிக்கிறாள். கிரேன் ஏறி நாற்பது அடி உயரத்தில் உட்கார்ந்தபோதும் பயப்படாத உத்தமன், அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்றுவரை பயப்படுகிறார்.

மெஷின் போனதற்குக் காரணம் அவர்தான். இந்த ஊரில் செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை. எல்லா மெஷினுக்கும் மாலை போட்டு ஓய்வு கொடுப்பார்கள். தெருவோடு சேர்ந்து இவர்களும் செய்தார்கள். அடுத்த மாசமே நம்ம ஆயுத பூஜை. அதை விட முடியுமா? இது ரெண்டாயிரத்து எட்டாம் வருஷம். மகள் மகேஸ்வரிக்கு நிறை மாசம். உத்தமனுக்கு பக்தி பொங்கியது. பிரிண்டர் மூடியைத் திறந்து, ஆசீர்வாதம் உள்ளே போய்ச் சேரட்டும் என்று ஒரு கைப்பிடி அட்சதையைத் தூவிவிட்டார். மறுநாளே மகள் வீடு இருக்கும் சால்ட் லேக்கிலிருந்து போன் வந்தது, பெண் குழந்தை. ரெண்டு பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். பதினாலு நாள் கழித்துத் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால், மெஷின் கறகறவென்று ஒருதரம் அரிசி அரைத்துவிட்டு அடங்கியது. மை ஒருபக்கம் காய்ந்திருந்தது, பல்சக்கரம் ஒருபக்கம் உடைந்திருந்தது. ரிப்பேர்காரர், “மாசிமா, ரிப்பேருக்கு ஆகற காசுல புதுசே வரும்,” என்று கையை விரித்துவிட்டார்.

“ரெண்டு ஊர் சாமியும் சேர்ந்து கவனிச்சிட்டாங்க,” என்றாள் நீலாவதி. அதற்கு மேல் புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

மாப்பிள்ளை முத்துக்குமார் மத்திய அரசு உத்தியோகம். தங்கமான பையன். அன்றைக்கு மாலையே போன் செய்தான்.

“அத்தை, விட்டுத்தள்ளுங்க. போதும் உழைச்சது. வீட்டக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்க வந்திடுங்க. மகேசுக்கு ஜனவரியில லீவு முடியுது. குழந்தையப் பாத்துக்கவும் ஆளாச்சு.”

“பாக்கறேன் மாப்ள.”

போனை வைத்துவிட்டு அவள் உத்தமனைத் திரும்பிப் பார்த்தாள். “மருமகன் வீட்டுல போயி உக்காந்து சாப்பிடச் சொல்றாரு. ஒரு மாசம் மரியாதையா இருக்கும். அப்புறம்?”

உத்தமனுக்கு உள்ளுக்குள் போக ஆசை. பேத்தி சஹானாவின் உள்ளங்கால் அவருடைய கட்டைவிரல் அளவுதான். அதைத் தொட்ட விரலை அன்று முழுக்க அவர் கழுவவில்லை. ஆனால் இந்த வீட்டு வாடகை கடையிலிருந்து வருகிறது. தபாலாபீசில் இருப்பது எட்டாயிரம். இந்தத் தடவை தப்பான மெஷின் வாங்கினால் கடையும் போச்சு, சொந்தமாக ஒரு கதவைத் திறந்து மூடும் உரிமையும் போச்சு.

முத்துக்குமார் இன்டர்நெட்டில் பார்த்து ஒரு மெஷின் பேரையும் சொல்லியிருந்தான். விலை ரெண்டாயிரத்து எண்ணூறுதான், நிமிஷத்துக்கு இத்தனை பக்கம், எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்க என்று. நீலாவதி கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் உத்தமன் குளித்துவிட்டு வந்தபோது அவள் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, பழைய மை டப்பா ஒன்றை இரும்பு ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது, மீன் அறுக்கற மாதிரி?”

“காலி டப்பாங்க. தூக்கிப் போட வச்சிருந்தது. இங்க பாருங்க.”

டப்பாவுக்குள் மூணு அறை. ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சு. சிவப்பு அறை காய்ந்து கிடந்தது. மஞ்சளும் அப்படித்தான். நீலப் பஞ்சை அவள் விரலால் அழுத்தினாள். மை பொங்கி வந்து மணிக்கட்டுவரை வழிந்தது.

“நாலு வருஷமா இதைத்தான் குப்பையில போட்டிருக்கோம்,” என்றாள் மெதுவாக. “இந்த ஊர்ல எதை அடிக்கிறோம்? துர்கா படம். கல்யாணப் பத்திரிகை. சிவப்புக்கரைப் புடவை கட்டின பொண்ணு போட்டோ. எல்லாம் சிவப்பு. சிவப்பு தீந்தா மெஷின் முழு டப்பாவும் காலின்னு சொல்லுது. நாம நம்பிட்டோம்.”

உத்தமன் அந்த நீலக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வருஷமாக அதே டப்பாவை அவரும்தான் மாட்டினார், கழற்றினார். உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

அடுத்து அவள் தெருமுனை நகைக்கடைக்காரரிடம் போனாள். டிசைன் படமெல்லாம் அவளிடம்தான் அடிப்பார். அவருடைய சின்ன பாட்டரித் தராசை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிவந்து பழைய துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கூடவே ஒரு பக்கம், சிவப்பு தகதகக்கும் துர்கா படம். அதை ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டாள்.

“எதுக்கு நீலா தராசு?”

“நீங்க டாக்குல இருந்தப்ப, போர்ட் குவார்ட்டர்ஸ்ல ஸ்டவ் வாங்கறப்ப என்ன செஞ்சேன்? சோறு வடிக்கறதுக்கு முன்னாடி ஸ்டவ்வ எடை போட்டேன், வடிச்ச பிறகு எடை போட்டேன். எந்த ஸ்டவ் மண்ணெண்ணெய் குடிக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. இதுவும் குடிக்கற சாமான்தான?”

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சாந்தினி மார்க்கெட்டில் முதல் மூணு கடையில் விரட்டாத குறை. விலை சொன்னார்கள், காகிதம் கொடுத்தார்கள். “ஒரு டப்பாவுக்கு எத்தனை பக்கம்?” என்று அவள் கேட்டால், “ஐந்து பர்சன்ட் கவரேஜில் இருநூறு பக்கம்,” என்றார்கள். அது என்ன ஐந்து பர்சன்ட் என்று காட்டச் சொன்னாள். ஒரு கடைப்பையன் எடுத்துக் காட்டினான். வெள்ளைத் தாளில் நாலு வரி, ஓரத்தில் ஒரு சின்னப் பூ. தாளில் நூற்றில் அஞ்சு பங்குதான் மை.

“இப்படி ஒரு பக்கத்த எங்கிட்ட யாரும் இதுவரை அடிக்கக் கேட்டதில்லப்பா,” என்றாள்.

நாலாவது கடையில் ஒரு பெரியவர். வாயில் பான். தராசை மேஜைமேல் வைத்ததும் அவர் சிரித்துவிட்டார். “பெஹென்ஜி, இது சோனார் கடை இல்லை, நகை எடை போட.”

“எங்களுக்கு இது தங்கம்தான், பாய் சாப்,” என்றாள் அவள், பாதி இந்தியும் பாதி வங்காளியுமாக. “பேப்பருக்கும் மைக்கும் காசு கொடுத்திடுறேன். மெஷினுக்கு அஞ்சு பக்கம் அடிக்க விடுங்க.”

பெரியவருக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. விட்டார்.

முதலில் மாப்பிள்ளை சொன்ன மெஷின். கலர் டப்பாவை எடுத்து எடை போட்டாள், அஞ்சு துர்கா அடித்தாள், மறுபடி எடை போட்டாள். பிறகு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை உள்ள இன்னொன்று. அதில் நாலு கலருக்கு நாலு தனித்தனி டப்பா. ஒவ்வொன்றையும் உத்தமன் கழற்றிக் கொடுக்க, அவள் எடை பார்த்துப் பழைய கேஷ்மெமோவின் பின்புறம் எழுதினாள். குப்பைக்கூடையில் கிடந்த காலி டப்பாவையும் கேட்டு வாங்கி எடை போட்டாள். முழுசுக்கும் காலிக்கும் உள்ள வித்தியாசம்தான் மை என்று உத்தமனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீ கொண்டுவந்தவன் தட்டோடு நின்றான். பக்கத்துக் கடைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். பெரியவர் பான் மெல்லுவதையே நிறுத்திவிட்டார்.

டப்பா விலையையும் குறைந்த எடையையும் கணக்குப் போட்டு முடித்து நீலாவதி பேனாவை வைத்தாள். “இந்தச் சின்ன விலை மெஷின்ல என் பக்கத்துக்குப் பதிமூணு ரூபா மை. கடைக்கு வர்றவங்ககிட்ட நான் வாங்கறது பத்து. இந்தப் பெரிய விலை மெஷின்ல மை அஞ்சு.”

பெரியவர் அந்தக் கேஷ்மெமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால்குலேட்டரில் தானும் ஒருதரம் தட்டிப் பார்த்தார். “பதினாறு வருஷமா மெஷின் விக்கிறேன். ஒருத்தரும் இதை எடை போட்டதில்லை. நானும்தான்.”

காலையில் பஸ் ஏறும்போது உத்தமன் மனசுக்குள் ஒரு வேண்டுதல் இருந்தது. எந்த மெஷினும் தேறக்கூடாது, சால்ட் லேக்குக்கே போய்விடலாம் என்று. அது எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பத்து விரலிலும் மை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், “மேரா மிஸஸ்,” என்றார். அவர் கேட்காமலே, “கிளாஸ் ஃபைவ்,” என்றும் சொன்னார்.

ஆறாயிரத்து ஐந்நூறு. பெரியவர் முந்நூறு குறைத்தார். கேட்காமலே குறைத்தார். டாக்ஸியில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் உத்தமன், சஹானாவை முதல்முறை மடியில் வாங்கியபோது எப்படி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாரோ அப்படி.

இது நடந்து மூணு வாரம் ஆகிறது. கடை ஓடுகிறது. இன்று காலை ஷ்யாமல் பாபு பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு ஆறு பக்கம் அடிக்க வந்து நின்றார். முதல் பக்கம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வெறும் தாளில் ஒரு கண் வருவதையும், பிறகு மூக்கு வருவதையும் உத்தமன் வழக்கம்போல வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முத்துக்குமார் போன். வீட்டுக்காரரிடம் காலி செய்வதைச் சொல்லியாச்சா என்று கேட்டான்.

நீலாவதி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வந்து விழுந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இல்ல மாப்ள, சொல்லல. சொல்லவும் போறதில்ல. மகேசு ஆபீசு இங்க பக்கத்துல கரியாஹாட்லதான? ஜனவரியிலேர்ந்து போற வழியில சஹானாவ இங்க விட்டுட்டுப் போகச் சொல்லுங்க. கடைய நான் பாத்துக்கறேன், அவளத் தாத்தா பாத்துக்குவாரு. அவருக்கு இந்த மெஷின் முன்னாடி நிக்கறத விட்டா வேற வேலையே இல்ல.”