நாங்கள் கேட்டு வாங்கிய துப்பாக்கிகள்

தாராவியில் எங்கள் சந்துக்குத் துப்பாக்கிப் போலீஸ் வேண்டும் என்று எண்பதுகளில் மனு எழுதியவன் அடியேன்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? கீழே இருபது கையெழுத்து. முதலாவது என்னுடையது, மற்றவர்களுடையதைவிடச் சற்றுப் பெரிது.

காரணம் இருந்தது. இரண்டு ரவுடிக் கும்பல்கள் வாரம் தவறாமல் வாளோடு மோதின. எங்கள் பட்டறை வாசலிலேயே ஒருவன் குடல் சரிந்து கிடந்தான். மச்சான் அங்கே தோல்பை தைப்பவர். ராத்தாவும், அதாவது என் அக்காவும், மூன்று பிள்ளைகளும் அவருடைய வலது கையை நம்பித்தான் சாப்பிட்டார்கள். பாதி நாள் நானும்.

எங்கள் சந்தில் ரோந்து வரும் பழைய போலீஸ் ஹவில்தாருக்கு மனு பிடிக்கவில்லை. "நான் ஆளைப் பார்த்து அடிப்பேன். அவனுங்களுக்கு ரவுடியையும் தெரியாது, உன்னையும் தெரியாது" என்று இந்தியில் சொன்னார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தார்கள். இரும்புத் தொப்பி, பிரம்புக் கேடயம், துப்பாக்கி. தண்ணீர்க் குழாய்க்கு எதிரே கூடாரம் போட்டார்கள். பெண் வீட்டுக்காரன் மாதிரி நானே டீ கொண்டுபோய்க் கொடுத்து உபசரித்தேன்.

மூன்றாம் நாள் காலை எங்கிருந்தோ ஒரு கல் பறந்து வந்து ஒரு தொப்பியில் பட்டது. அவ்வளவுதான். தண்ணீர் வரிசையை வளைத்துக்கொண்டு அடித்தார்கள். குடங்கள் நசுங்கின. ஒரு பெரியவரின் பல் என் செருப்பருகே வந்து விழுந்தது. வரிசையில் நின்ற மச்சான் தலையைக் காத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். துப்பாக்கிக் கட்டை அந்தக் கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

வீரனான நான் வீட்டுக்கு ஓடினேன். மனுவின் கார்பன் நகலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். "சாப்! உங்களைக் கூப்பிட்டதே நான்தான்! பாருங்க சாப், பெஹ்லா சைன் மேரா, முதல் கையெழுத்து என்னோடது!"

படித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்த ஒரே மனிதன் பம்பாயில் நானாகத்தான் இருப்பேன். வயிற்றில் ஒரு குத்து, முழங்காலில் ஓர் உதை. காகிதம் சாக்கடையில் விழுந்தது. அதன் மேல் நான்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது மச்சானின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மெஷினில் ராத்தா உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் சந்துக்காரர்கள் வந்தார்கள். "இப்பம் வாள் சத்தமே இல்லலா? சந்துக்கு அந்தப் பக்கமும் ஒரு கூடாரம் கேட்டு எழுதுலே. நீ எழுதுனா வந்துருவானுவ."

நான் மச்சானைப் பார்த்தேன்.

"எழுதுலே மாப்ள," என்றார். "ஆனா தண்ணி புடிக்கப் போறவுக பேரையெல்லாம் அடியில எழுதிரு. அவுகள அடிக்கப்படாதுன்னு."

நிஜமாகவே பேர்களை எழுதத் தொடங்கினேன். ராத்தா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.