வால்யூமைக் குறைத்த மூப்பர்

மைக் செட் சாம் என்றால் மதுராந்தகம் வரைக்கும் தெரியும். படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு தகர ஷெட், உள்ளே குழாய் ஸ்பீக்கர்களும் வயர் சுருள்களும், வாசலில் ‘ஒரே ராஜா சவுண்ட் சர்வீஸ்’ என்று ஒரு போர்டு. அது எந்த ராஜா என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். கையிலிருக்கும் டீ ஆறி, ஆடை படிகிற வரைக்கும் சாம் விடமாட்டார்.

அவர் படாளத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பர். சின்னச் சபைதான், ஆனால் பிடிவாதம் பெரியது. இயேசு கோயிலுக்குள் மட்டும் ராஜா இல்லை. கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் டெல்லிக்கும் அவர்தான் ராஜா, ஆள்கிறவர்கள் ஒத்துக்கொண்டாலும் சரி, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி என்பது அவர்கள் கொள்கை. அதனால் வரி கட்டு, சட்டத்துக்கு அடங்கு, அதிகாரிக்கு மரியாதை கொடு. ஆனால் அந்த ராஜாவின் பேரே இல்லாத அரசியல் சட்டத்துக்கு நம்பிக்கையாக இருப்பேன் என்று மட்டும் வாய் திறந்து உறுதிமொழி எடுக்காதே. பழைய ஆட்களில் சிலர் ஓட்டும் போடுவதில்லை. சாம் அந்தக் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டே போடாத மனிதர்தான் அந்தப் பக்கத்தில் எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டினார். மற்றவர்கள் மைக்கைத் தட்டி ‘ஹலோ, ஒன் டூ த்ரீ’ என்பார்கள். சாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கிறிஸ்துவே ராஜா, கிறிஸ்துவே ராஜா, கேக்குதா?” என்பார். ஒரு தடவை கட்சிக்காரர் முனிசாமி ஓடிவந்து, “இன்னா அண்ணாத்த, எங்க தலைவர் மேடை ஏர்றதுக்குள்ள உங்க தலைவர் பேரைச் சொல்லிகினு கீற?” என்று சண்டைக்கு நின்றார்.

“உங்க தலைவருக்கும் அவர்தான் தலைவர். கடைசி வரிசைக்கு சவுண்டு வருதா, அத்த சொல்லு.”

முனிசாமிக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சவுண்டு நன்றாகத்தான் இருந்தது.

சபையில் இன்னொரு பழக்கமும் உண்டு. வெள்ளைக்காரப் பாதிரிகள் காலத்தில் வந்தது. வேறு இடங்களில் விட்டுவிட்டார்கள், இவர்கள் விடவில்லை. அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மூப்பர் தனக்கு ஒதுக்கிய வட்டத்து வீடுகளுக்குப் போய், ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டு, ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுப்பார். மறுநாள் அதைக் கொண்டுவருகிறவருக்குத்தான் ஆண்டவருடைய மேசையில் இடம். கை தேய்ந்து தேய்ந்து அந்த வில்லைகளில் எழுத்தே மங்கிவிட்டது.

சாம் தன் வட்டத்தில் கடைசியாகத் தன் வீட்டுக்கே போவார். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் மனைவி ஜாக்குலினும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாரோ பெரிய மனிதர் வந்ததுபோல, “வாங்க மூப்பரே, உக்காருங்க” என்பார். மற்ற நாளெல்லாம் ‘நீ, வா, போ’ என்று பேசுகிற இரண்டு பேரும் அந்தச் சில நிமிஷம் ‘நீங்க’ போட்டுக்கொள்வார்கள்.

“கிறிஸ்துவை உங்க ராஜான்னு ஒத்துக்கிறீங்களாம்மா?”

“ஒத்துக்கிறேன் மூப்பரே.”

வில்லையைக் கொடுத்து, ஜெபம் செய்து, மூப்பர் வெளியே போய்க் கதவைச் சாத்துவார். உடனே சாமாகத் திரும்பி வருவார். “யோவ், செருப்பைக் கழட்டிட்டு வா, இப்பத்தான் பெருக்கினேன்” என்பார் ஜாக்குலின். அந்த வீட்டில் அவ்வளவு அழகான நேரம் வேறு இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இப்படி இருந்த வீட்டில்தான் ஊராட்சித் தேர்தல் வந்து உட்கார்ந்தது.

அவர்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கடைசியாகத்தான் வருகிறது. திறந்தால் பாதி நாள் காற்றுதான் வரும். கேட்கப்போனால், மெம்பரைப் பார் என்பார்கள். மெம்பருக்கோ அந்தத் தெரு இருப்பதே மறந்துபோயிருந்தது. இந்தத் தடவை வார்டு பெண்களுக்கு என்றதும், தெருப் பெண்கள் கூடி ஜாக்குலினை நிற்கவைத்தார்கள். குழாயடியில் அவர் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சாம் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. எதிராக நின்ற அம்மாள் ‘ஒரே ராஜா’வில்தான் மைக் எடுத்தார். அந்த மைக்கிலேயே ஜாக்குலினைக் கிழி கிழியென்று கிழித்தார். சாம் தூரமாய்ப் போய் நின்று, சவுண்டு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுப்பதிவு அன்று மனைவியை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். சொந்தப் பெண்டாட்டிக்கே ஓட்டுப் போடாதவன் என்று ஊர் சிரித்தது. ஜாக்குலினும் சிரித்தார். அப்புறம் ஜெயித்துவிட்டார்.

ஜெயித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. மெம்பர் ஆனால் பதவிப் பிரமாணம் எடுக்கவேண்டும். அதில் அரசியலமைப்பின்மேல் உண்மையான நம்பிக்கை கொண்டிருப்பேன் என்று வரும். சபை விதிப்படி அப்படி உறுதி எடுத்தவருக்கு வில்லை இல்லை. மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். ராஜாவுக்குக் கீழ்ப்பட்ட நம்பிக்கை என்று மனதில் வைத்துக்கொண்டு சொன்னால் தப்பில்லை என்றார் ஒருவர். வாயில் வந்ததுதான் கணக்கு என்றார் இன்னொருவர். கடைசியில் போதகர் சாமைப் பார்த்து, “உங்க வட்டம், உங்க வூடு. குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நீங்க எது செஞ்சாலும் நாங்க ஏத்துக்கிறோம்” என்றுவிட்டார். இதைவிடப் பெரிய பாரத்தை ஒரு மனிதன் தலையில் வைக்கமுடியாது.

ஜாக்குலின் அன்று சாப்பிடவில்லை. “அந்த மேசை இல்லன்னா நான் இன்னாய்யா பண்ணுவேன்? எங்கம்மா கையப் புடிச்சி கூட்டிகினு போன மேசை அது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா தண்ணி வோணுமே” என்றார். சாமுக்கு இரண்டும் புரிந்தது.

ஊராட்சி ஆபீஸ் வாசலில் ஷாமியானா. மைக் செட், வேறு யாருடையது? சாம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று ‘கிறிஸ்துவே ராஜா’ சொல்லி டெஸ்ட் பண்ணவில்லை. வெறுமனே மைக்கைத் தட்டிப் பார்த்தார். அப்போதே கூட்டத்திலிருந்த முனிசாமி திரும்பிப் பார்த்தார்.

ஜாக்குலின் மேடையேறி, அதிகாரி சொல்லச் சொல்லப் பின்னால் சொன்னார். குரல் கணீரென்று வந்தது. ‘உண்மையான’ என்ற இடம் வந்ததும் சாமின் விரல் வால்யூம் திருகைத் திருகியது. ஜாக்குலின் வாய் அசைந்தது, ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. வாக்கியம் முடிந்ததும் சத்தம் திரும்பி வந்தது. ஊருக்குக் கேட்காத வார்த்தை உறுதிமொழியில் சேராது என்று அந்த மனிதர் கணக்குப் போட்டிருந்தார். மைக் செட்டிலேயே காலம் தள்ளியவருக்கு வேறு எந்தக் கணக்கு வரும்!

அதிகாரி கையைத் தூக்கினார். “நடுவுல மைக் கட்டாயிடுச்சி. முதல்ல இருந்து சொல்லுங்கம்மா.”

ஜாக்குலின் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினார். திருகின் மேலிருந்த விரலைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த விரலை அவருக்குத் தெரியும். மைக்கை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, குழாயடிக் குரலை எடுத்து, ஒரு வார்த்தை விடாமல் முழுசும் சொன்னார். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டல் அடங்க நேரமானது. சாம் தலையைக் குனிந்துகொண்டு வயரைச் சுருட்டினார்.

அன்றிலிருந்து ஜாக்குலின் சோறு போட்டார், பேசவில்லை. அவர் மெம்பரானதற்கு வருத்தப்படுகிறாரா, தன்மேல் கோபமா என்று சாமுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. மற்ற வீடுகளை முடித்துவிட்டு, சாயங்காலம் சாம் தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் தட்டக் கை எழவில்லை. எதிர்வீட்டு முனியம்மா, “இன்னா மூப்பரே, வூடு மறந்துபூட்ச்சா?” என்று கேட்ட பிறகுதான் தட்டினார்.

“வாங்க மூப்பரே, உக்காருங்க.”

உட்கார்ந்தார். வில்லைகள் போட்ட சுருக்குப்பை மடியில் இருந்தது. “கிறிஸ்துவை உங்க ராஜான்னு…” அதற்குமேல் வரவில்லை.

“ஒத்துக்கிறேன் மூப்பரே. மேடையில நின்னப்பவும் ஒத்துக்கினுதான் நின்னேன். அவருக்குக் கீழ கீற ஆபீசுன்னு நெனச்சித்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.” ஜாக்குலின் விரலை நீட்டினார். “நீங்கதான் பயந்துட்டீங்க. டெல்லிக்கே ராஜான்னு ஊரெல்லாம் மைக்ல சொல்றீங்க. நான் சொல்ற ஒரு வார்த்தையில அவர் நாற்காலி ஆடிப்பூடுமா? அவரைக் காப்பாத்த உங்க வால்யூம் எதுக்கு?”

சாம் பையில் கைவிட்டு ஒரு வில்லையை எடுத்து, இரண்டு கையாலும் மனைவியிடம் கொடுத்தார். ஜாக்குலின் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். சாம் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.

“உங்களுது?”

“எனக்கு இல்லம்மா. உறுதிமொழியில கள்ளம் பண்ணவன் நான். ராஜா மேல நம்பிக்கை இல்லாம திருகைத் திருகினவன். நாளைக்கு நான் மேசைக்கு வரல.”

ஜாக்குலின் எழுந்துவந்து, அவர் மடியிலிருந்த பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். மூப்பரல்லாத யாரும் அந்தப் பையைத் தொட்டதில்லை. ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு, எதிரே நேராக உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“கிறிஸ்துவை உங்க ராஜான்னு ஒத்துக்கிறீங்களா?”

சாம் நிமிர்ந்து பார்த்தார். “ஒத்துக்கிறேன்.”

“ஊராட்சி ஆபீசுக்கும் சேத்தா?”

“ஊராட்சி ஆபீசுக்கும் சேத்து.”

“சத்தமா சொல்லுய்யா, கேக்கல.”