வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சித்தி

பிப்ரவரி 2, முன்பணம்: 4,000.
பிப்ரவரி 27, கம்பம் நட்ட கூலி: 11,250.
மார்ச் 3, கெடுவுக்குள் முடித்ததற்கு மேல்தொகை: 1,500.
மார்ச் 9, பிடித்தம்: 6,320.

கடைசித் தொகையை வேலிக்காரர் ஒப்புக்கொண்டதே இல்லை. நாலு கம்பி வெட்டியதற்கும் அரை ஏக்கர் கரும்புக்கும் அவ்வளவு வராது என்பது அவர் கட்சி.

இருபத்திரண்டு வருடம் மின்வேலி கட்டியவர். ஒருமுறை ஈரக் கையோடு கம்பியைத் தொட்டு, ஆறடி தள்ளிப் போய் விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்ததால் கூட்டாளிகள் அவருக்கு 'ஷாக்' என்று பேர் வைத்தார்கள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். முடிச்சு தளர்ந்த கம்பியைக் கண்டால் கட்டியவனுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பார். வீட்டில் கதவுக் கொண்டி ஆடினால்கூடச் சத்தம்தான். பால் டிப்போவில் வேலை பார்த்த மனைவி எதற்கும் அசையமாட்டாள். "கத்தி முடிச்சாச்சா? அப்ப அந்த ஸ்குரூ டிரைவரை எடுங்க" என்பாள்.

அந்த வருடம் காட்டுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் நடுவே வேலி கட்டும் வேலை. இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் கட்டிக்கொண்டே வந்து, அறுபத்தொன்றாம் கம்பத்துக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் சேர வேண்டும். தோட்டத்துக்குள் திரியும் யானைகளைப் பட்டாசு போட்டு அந்த இடைவெளி வழியாகத் துரத்திவிட்டு, பிறகு மூடுவது வழக்கம்.

குட்டியைச் சேர்க்காமல் எட்டு யானைகள். எல்லாம் ஒரே வீட்டுப் பெண்கள். பெரியவள், அவள் மகள்கள், பேத்திகள். ஆண் பிள்ளைகள் தலையெடுத்ததும் தனியே போய்விடும் குடும்பம் அது. உச்சி வெயிலில் எட்டும் வட்டமாக நிற்கும், பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத குட்டி நடுவில் படுத்துத் தூங்கும். அது சிணுங்கினால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் தும்பிக்கையை நீட்டுவார்கள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வேலையாட்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "இதுல அம்மா யாரு, பெரியம்மா யாருன்னே தெரியலையேப்பா" என்று ஒருவன் சிரிப்பான். வேலிக்காரருக்கு மட்டும் தெரியும். காது கிழிந்தவள் தாய். பத்து வயது மதிக்கத்தக்க, எப்போதும் குட்டியின் பின்னாலேயே நடக்கிறவள் தாயின் தங்கை. அவளைச் 'சித்தி' என்றே குறிப்பிடுவார்.

மார்ச் 3 மத்தியானம் பட்டாசு போட்டார்கள். புழுதி கிளம்பியது. யானைகள் இடைவெளி வழியாக ஓடின.

"எல்லாம் போயாச்சு, கட்டு" என்றார் மேஸ்திரி.

"குட்டியைக் காணலையே?"

"தாய் காலுக்கடியில போயிருக்கும். நீ என்ன பிரசவம் பார்த்த டாக்டரா? நாலு மணிக்கு இன்ஜினியர் வந்து ஸ்விட்ச் போடணும், கட்டுய்யா."

நாணல் புதருக்குள் ஒருவர் இறங்கிப் பார்த்திருந்தால் போதும். மேல்தொகை போய்விடும் என்று யாரும் இறங்கவில்லை. அவரும் இறங்கவில்லை. கடைசி முடிச்சை அவர் கையால்தான் போட்டார். ரொம்ப நல்ல முடிச்சு.

மறுநாள் காலை ஸ்விட்ச் அறைக்குக் காவல் நின்ற வேலிக்காரர் அலறல் கேட்டு ஓடினார். குட்டி பின்காலில் வெட்டுப்பட்டு நாணலோரம் நொண்டிக்கொண்டிருந்தது. அதை விட்டுப் போக மனமில்லாமல் சித்தி, நேற்றைய புழுதியில் யார் கண்ணிலும் படாமல், தோட்டத்துப் பக்கமே நின்றுவிட்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தாய். அவளுடைய முன்கால்களுக்கு நடுவே பால் கட்டி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. தும்பிக்கையில் ஏற்கெனவே அடி வாங்கியிருந்ததால் கம்பிக்குக் கிட்டே வரவில்லை.

இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"ஒரு மணி நேரம் கரண்டை நிறுத்தறேன் சார். குட்டி அந்தப் பக்கம் போயிடும்."

"எழுத்துல குடுங்க. போன வருஷம் இன்னொரு லைன்ல வாய்வார்த்தையா நிறுத்தினோம். ஒரு ஆளு மிதிபட்டுச் செத்தான். அவன் பொண்டாட்டி முன்னாடி போய் நின்னது நான். ஆர்டர் இல்லாம கை வைக்காதீங்க."

எழுதினார். மனைவி அதைச் சைக்கிளில் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தாள். மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மேலிடத்துக்கு மேலே இன்னொரு மேலிடம் இருந்தது.

மார்ச் 5 சாயங்காலம் குட்டி தாயைப் பார்த்து நேரே வந்து கீழ்க் கம்பியில் தும்பிக்கையை வைத்தது. தூக்கி எறியப்பட்டது. சித்தி அதை இழுத்துத் தன் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டாள். குட்டி அவளுடைய பால் ஊறாத காம்பில் வாய் வைத்து முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அலறியது. அவள் அசையாமல் நின்றாள்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவியும் பார்த்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப என்னையும் சித்திதான் இடுப்புல வச்சுக்கிட்டு அலைஞ்சா. அப்ப அவளுக்குக் கல்யாணம்கூட ஆகலை. நான் இப்படித்தான் முட்டுவேனாம்." அவர் பக்கம் திரும்பி, "ஊரெல்லாம் கத்துவீங்களே. இப்ப ஏன் வாயடைச்சுப் போச்சு?" என்றாள்.

"வேலை போயிடும்டி!"

"போகட்டும். வீட்டுல ஆடுற கொண்டி எத்தனையோ இருக்கு."

மார்ச் 6 விடிந்ததும் அவர் ஸ்விட்சை அணைத்து, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அறுபத்தொன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவே நாலு கம்பியையும் வெட்டினார். வெட்டும்போதே மேஸ்திரியில் தொடங்கி மேலிடம் வரைக்கும் திட்டினார். தன் பேரையும் விடவில்லை.

சித்தி வரவில்லை. கம்பி இருந்த இடத்தைப் பார்த்துப் பின்வாங்கினாள். குட்டி படுத்துவிட்டது. கரும்புக்காரர்கள் பட்டாசோடு ஓடி வந்தார்கள், மேஸ்திரியும் கூடவே.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து பெரியவள் வந்தாள். தரையைத் தும்பிக்கையால் தொட்டு, முகர்ந்து, மறுபடி தொட்டு, உள்ளே காலெடுத்து வைத்தாள். அவள் பின்னால் மொத்தக் குடும்பமும் வந்தது. குட்டியை அழைத்துக்கொண்டு போகும் என்றுதான் வேலிக்காரர் நினைத்திருந்தார். அவை போகவில்லை. பெரியவள் குட்டியை முட்டி எழுப்பினாள். தாய் வந்து மேலே நின்றாள். மற்றவை தோட்டத்துக்குள்ளேயே, கரும்பை மிதித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி வட்டம் கட்டின. சித்தி வட்டத்துக்கு வெளியே தனியே நின்று, அப்போதுதான் முதல் கரும்பை முறித்து வாயில் வைத்தாள்.

ஒருவன் பட்டாசைப் பற்றவைக்கப் போனான். வேலிக்காரர் வெட்டுக்குறட்டை ஓங்கிக்கொண்டு குறுக்கே விழுந்தார்.

"குடிக்க விடுங்கடா! மூணு நாளாச்சுடா!"

"என் கரும்புய்யா அது!" என்று கத்தினான் அவன்.

"எழுதிக் குடு! மேலிடத்துக்கு எழுதிக் குடு! வந்து பார்ப்பாங்க!"

அவன் கை இறங்கியது. குட்டி வயிறு நிறையக் குடித்து முடித்தது. பிறகு அவை கிளம்பின. பெரியவள் முன்னால், குட்டி நடுவில், அதன் பின்னால் சித்தி. கடைசி வால் மறைந்ததும் வேலிக்காரர் நாலு கம்பியையும் ஒட்டுப் போட்டு இழுத்துக் கட்டி, ஃப்யூஸை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார்.

"ஒரு குட்டிக்காக பொழப்பைக் கெடுத்துக்கிட்டியேய்யா" என்றார் மேஸ்திரி.

"அன்னிக்கு நாணல்ல இறங்கியிருந்தா உன் மேல்தொகை மட்டும்தான் கெட்டிருக்கும். என் வாயைக் கிளறாம போயிடு."

ஒன்பதாம் தேதி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வேலிக்காரர் கிணற்று மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தார். அங்கேயும் கத்தினார். முதலாளி இரண்டு மாதம் தள்ளித்தான் சம்பளம் கொடுத்தார். அந்த இரண்டு மாதமும் டிப்போச் சம்பளத்தில் வீடு ஓடியது.

அலுவலகத்திலிருந்து அவருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது, எந்தக் கம்பத்தருகே என்று குறிப்பிடுமாறு கேட்டது. இரண்டாவது, வேலை நீக்கம். கடைசிக் கடிதத்தில், தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ள அனுமதி வழங்கப்படுகிறது என்றும், குட்டியின் உடல்நிலையை உடனடியாகத் தெரிவிக்கவும் என்றும் இருந்தது. அது வந்து சேர்ந்த தேதி, ஏப்ரல் 17.