காய்ந்த பிறகு வரும் நிறம்

பெயின்ட் அக்காவுக்குப் பயம் கூடவே பிறந்தது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடச் சுவர்களில் பிள்ளைகளை வைத்துப் படம் போடுகிறவள். இன்றைக்கும் ஏணியில் கால் வைக்குமுன் இரண்டு தடவை அசைத்துப் பார்ப்பாள். வயது ஐம்பதைத் தொட்டாலும் பிள்ளைகளுக்கு அவள் அக்காதான். வீட்டுக்காரர் கேலி செய்வார்: "ஊரான் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கற. நம்ம வீட்டுச் சுவரு உரிஞ்சு தொங்குது, அதக் கேக்க நாதியில்ல." அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பயப்படக் காரணமும் இருந்தது. போன வருஷம் வேறொரு பள்ளியில் இரண்டு மாதம் பாடுபட்டு வரைந்த சுவர். எங்கள் ஆட்களை ஓரமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நாலு பேர் கடிதம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் வெள்ளையடித்து மூடியாயிற்று. இன்னொரு சுவரும் அப்படிப் போனால் எந்தப் பள்ளி அவளைக் கூப்பிடும்?

இந்தப் பள்ளியில் பதினாலு மொழி பேசும் பிள்ளைகள். அதில் முப்பத்தெட்டுப் பேர் தங்கள் முகத்தைச் சுவரில் வரைய வந்தார்கள். அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு: அவரவர் முகத்தின் நிறத்தை அவரவரே குழைக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார். பெயின்ட் எது, தோல் எது என்று தெரியாமல் போகிற வரைக்கும் குழை. பிறகுதான் தூரிகை. சின்ன வயதில் அவளுடைய கிரேயான் பெட்டியில் தோல் நிறம் என்று ஒரு குச்சி இருந்தது. அதைக் கையோடு வைத்துப் பார்த்தால் சுண்ணாம்பு பூசினது போல இருக்கும். போட்டோ எடுக்கப் போனால் அம்மா இரண்டு கை பவுடரை அப்பித்தான் கூட்டிப் போவாள். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் பிறந்த சட்டம் அது.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெயின்ட் ஈரத்தில் ஒரு நிறம்; காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அதனால் முதலில் அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் சுவருக்குப் போவாள். இந்தத் தடவை தலைமையாசிரியை குண்டைத் தூக்கிப் போட்டார்: "திறப்பு விழா வெள்ளிக்கிழமை இல்லீங்க. நாளைக்கே, காலைல பத்து மணிக்கு." அந்த ஓட்டத்தில் அட்டை மறந்தே போயிற்று. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை விழுந்தால் எழுந்திருப்பதுதான் கஷ்டம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு வந்து பார்த்தாள். முப்பத்தெட்டு முகமும் ஒரு படி கறுத்துப்போய் நின்றன.

முதலில் கண் போனது பம்பரத்தின் முகத்துக்கு. ஓர் இடத்தில் நிற்காத ஒன்பது வயதுப் பெண், அதனால் பம்பரம். குழுவிலேயே கறுத்த பிள்ளை. இரண்டு நாள் முன்னால் அவள் அம்மா பள்ளி கேட் அருகே வந்து கெஞ்சியிருந்தாள்: "ஊரே பாக்கற சுவருங்க. என் பொண்ண மட்டும் கொஞ்சம் கலரா போட்டுருங்க. ஏற்கனவே கேலி பண்றாங்க." அக்கா அன்றைக்குப் பெரிய பிரசங்கமே பண்ணினாள். "உங்க பொண்ணுக்கு என்னங்க குறைச்சல்?" என்று கேட்டாள். வாய் கிழியப் பேசிவிட்டு வந்தாயிற்று. இப்போது அந்த அம்மா வந்து பார்த்தால்? கடிதம், கூட்டம், வெள்ளை வாளி எல்லாம் அவள் கண்முன் வரிசையாக வந்தன.

எல்லா முகத்தையும் திருத்த நேரமில்லை. ஒருத்தி வாயை அடைத்தால் போதும் என்று தோன்றியது. கிண்ணத்தில் பழுப்பை ஊற்றினாள், வெள்ளையை விட்டாள். பயத்தில் இன்னும் கொஞ்சம் விட்டாள். பத்து நிமிஷத்தில் சுவரில் இருந்த பம்பரம் சிவப்பாகிவிட்டாள். கையைக் கழுவும்போது அக்காவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கழுவினாள்.

பத்து மணிக்குக் கூட்டம் கூடியது. யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா முந்திக்கொண்டாள். "பிள்ளைங்களா, பெயின்ட் காஞ்சா கறுக்கும். நான்தான் கணக்கு தப்பிட்டேன்."

பிள்ளைகள் பாய்ந்து போய்ச் சுவரில் அவரவர் முகத்தோடு மணிக்கட்டை ஒட்டிப் பார்த்தார்கள். "டேய், நான் வெயில்ல காஞ்சிட்டேன்!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு. பெற்றோரும் சிரித்தார்கள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. இதற்கா இத்தனை நடுக்கம் என்று அக்காவுக்கு அழுகையே வந்தது.

பம்பரத்தின் அம்மா போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். "நல்லா கலரா வந்திருக்குங்க. ரொம்ப நன்றி" என்றாள் மெதுவாக.

பம்பரம் மட்டும் சுற்றாமல் நின்றாள். மணிக்கட்டை முகத்தின்மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அக்கா, எல்லாரோடதும் காஞ்சிருச்சு. என்னோடது மட்டும் ஏன் இன்னும் காயல?"

நாளைக்குக் காய்ந்துவிடும் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அக்கா அதை விழுங்கினாள்.

"அது காஞ்சிருச்சுடா கண்ணு. காலைல வந்து நான்தான் வெள்ளை கலந்து மேல அடிச்சிட்டேன்."

அம்மாவின் போன் கீழே தாழ்ந்தது.

"ஏன்?"

"பயந்துட்டேன்."

பம்பரம் சுவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் மூஞ்சியப் பாத்தா பயந்தீங்க?"