வார்னிஷ் சோறு

என் வீட்டுக்காரர் சோற்றைத் தின்பதற்கு முன்னால் மோந்து பார்ப்பார். ஒரு கவளத்தை மூக்கடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். அவர் மூச்சை இழுக்கும்போது நான் என் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மணம் பிடித்தால் சாப்பாடு, பிடிக்காவிட்டால் தட்டு பறக்கும். கல்யாணமான மறுவருஷம் முழுக்க அது பறந்துகொண்டேதான் இருந்தது. ஒரு தடவை வெண்கலத் தட்டின் விளிம்பு நெற்றியைக் கிழித்தது. அந்தத் தழும்பு பொட்டுக்கு மேலே இன்றைக்கும் இருக்கிறது.

அவர் தச்சர். கொத்தமங்கலத்தில் ஒரு செட்டியார் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நிலைக்கதவெல்லாம் அவர் கைவேலை. பர்மாத் தேக்கில் அவர் கொத்திய கிளி, கூப்பிட்டால் பேசும் போலிருக்கும். அந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் அந்தக் கையில் அடி வாங்கியதில்லை.

மத்தியானம் வேலைக்காரர்களுக்குச் செட்டியார் வீட்டிலேயே சாப்பாடு. ஆச்சி மேற்பார்வையில் வடித்த சீரகச் சம்பாச் சோறு. அதைத் தின்றுவிட்டு ராத்திரி என் சோற்றுக்கு உட்காருவார்.

"அங்க கையக் கழுவுனாலும் பொழுதுக்கும் மணக்குதுடி. நீ வடிக்கிறது சோறா, கோந்தா?"

குற்றம் என் கையில் இல்லை, அரிசியிலும் இல்லை. அவர் செய்த பெட்டியில் இருந்தது.

மிஞ்சிய தேக்கில் வீட்டுக்கு ஓர் அரிசிப் பெட்டி செய்தார். இடுப்பு உயரம், மூடியில் ஜோடிக் கிளி. வெளியே வார்னிஷ் அடித்ததோடு விட்டிருக்கலாம். மரத்தின் ஒரு முகத்தைப் பளபளக்காமல் விட அவருக்கு மனசு வராது. உள்ளேயும் அடித்தார், ஒன்றின் மேல் ஒன்றாக. அரிசி கொட்டும் பெட்டிக்குள் வார்னிஷ் அடிக்கிற தச்சரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பெட்டி வீடு வந்த அன்றைக்கு என் அரிசிப் பானைகளை எல்லாம் முற்றத்தில் வைத்து மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் அடித்து நொறுக்கினார். இனி இந்த வீட்டு அரிசி மண்ணில் கிடக்கக் கூடாதாம்.

கொஞ்ச நாளிலேயே அரிசியில் புதுக்கதவு வாடை ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்தது, மாமியாருக்கும் தெரிந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. நாள் முழுக்க அந்த வாடையிலேயே கிடப்பவருக்கு அது தன் வியர்வை மாதிரி. சோறு மணக்கவில்லை என்பது மட்டும்தான் அவர் மூக்குக்கு எட்டியது.

"சொல்லிப்புடுவமா அத்தை?" என்று கேட்டேன்.

"வாயத் தொறந்துறாத ஆத்தா. அந்தப் பொட்டிய ஊரே வந்து பாத்துட்டுப் போயிருக்கு. அதுல குத்தம் சொன்னா கொன்னுபுடுவான். அவுக அப்பாவும் இப்புடித்தேன். எம் பல்லு ரெண்டு அவுக கையோட போச்சு."

சொல்லிவிட்டு ஓட்டை வாயைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். எங்கே விழும் என்று பார்த்து எறிகிறவர் இல்லை அவர். ஒரு நாள் தட்டு வயிற்றில் விழும், பிள்ளை போய்விடும் என்று நான் நடுங்கினேன். அதனால் சோற்றோடு மல்லுக்கு நின்றேன். தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் களைந்து ஊறவைத்தேன். உலையில் உப்புப் போட்டு, கொதியில் ஒரு கரண்டி மோர் விட்டேன். பருக்கை நடுவில் துளி வேகாமல் நிற்கும்போதே வடித்து, பானை வாயில் ஈரத்துணி கட்டித் தணலில் வைத்தேன். நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன். ஒரு நாள் தேங்காய்ப்பால், ஒரு நாள் கிராம்பு. சோறு பூவாய் உதிர்ந்தது. வார்னிஷ் மட்டும் உள்ளேயே குந்தியிருந்தது.

வெயிலில் காயவைத்தால் வாடை கொஞ்சம் அடங்கும். ஒரு நாள் பாயில் அரிசியைப் பரப்பியிருந்தபோது வந்துவிட்டார்.

"பொட்டியில கெடக்க வேண்டியது தெருவுல ஏண்டி கெடக்கு? எம் பொட்டி ஒனக்கு எளப்பமாப் போச்சா?"

கொட்டாப்புளிப் பிடி முதுகில் இறங்கியது. வயிற்றைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தேன். பிறகு அரிசியை அள்ளிப் பெட்டியில் கொட்டச் சொன்னார். கொட்டினேன்.

ஆடிக் காற்றில் ஒரு காலை. நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். அடுப்படிக்கு வந்தவர் குனிந்து ஆவியை மோந்தார். முகம் கோணியது. காலால் பானையை எத்தினார். கொதிக்கிற கஞ்சி என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் வயிறு. நான் அலறிக்கொண்டிருக்கும்போதே அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மாமியார் வாழைமட்டைச் சாற்றைப் பிழிந்து கையில் விட்டார். தோல் வழன்று வந்தது.

"பொறுத்துக்க ஆத்தா. அடிக்கிற கைதான் அணைக்கும்."

அந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் ஆயுதங்கள் கிடக்கும் மூலைக்குப் போனேன். மரம் செதுக்குகிற வாய்ச்சி ஒன்று கிடந்தது. வலது கையில் எடுத்தேன். முதல் வெட்டு கிளிக்கு. தேக்கு லேசில் விடாது. வார்னிஷ் மீன் செதிலாகப் பெயர்ந்து தெறித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவரைப் பெயர் சொல்லித் திட்டினேன். அதற்கு முன்னால் அவர் பெயர் என் வாயில் வந்ததே இல்லை.

மாமியார் "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, நான் வெட்டிப் போட்ட சிராய்களை அள்ளி அடுப்பில் வைத்தார்.

பக்கத்து வீட்டில், மண்பானையில் கிடந்த அரிசியைக் கைமாற்றாக வாங்கி வந்தார். அந்தத் தேக்கில்தான் அன்றைக்கு உலை கொதித்தது. நெய்யும் இல்லை, சீரகமும் இல்லை. உப்பு மட்டும் போட்டேன்.

பொழுது சாயும்போது வீட்டுக்காரர் வந்தார். பெட்டியில் கால்வாசிதான் மிச்சமிருந்தது.

"என்னடி பண்ணுன?"

"உங்க பொட்டிய வெட்டுனேன். உள்ளயும் பூசுனீகளே வார்னிஷு, அதுதான் இத்தன நாளும் சோத்துல நாறுச்சு. எனக்குந் தெரியும், அத்தைக்குந் தெரியும். உங்களுக்குப் பயந்துதான் சொல்லல. இனிமே எம் மேல கை வச்சா இந்த வாய்ச்சி பேசும்."

கையை ஓங்கினார். நான் நகரவில்லை. வாய்ச்சியும் என் கையில் நகரவில்லை. ஓங்கிய கை மெல்ல இறங்கியது. கீழே கிடந்த கிளித்துண்டை எடுத்துத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே வாய்விட்டு அழுதார். என் வெந்த கையை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு அவர் மேல் அருவருப்பாக இருந்தது.

அழுது முடித்துச் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் தட்டை வைத்தார். பழக்கம் விடுமா, மோந்து பார்த்தார். தட்டைக் காலி செய்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல், "இன்னுங் கொஞ்சம் போடு" என்றார்.

"கை வெந்து கெடக்கு. பானை அங்குட்டு இருக்கு. நீங்களே போட்டுக்கிருங்க."

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் எச்சில் கையோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பானையிடம் போனார்.