ஹெட்போன் போட்டால் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன்

இன்று பெரியம்மா மகளின் நிச்சயதார்த்தம். பள்ளி நாட்களுக்குப் பிறகு, சொந்தக்காரர்கள் முன்னால் முதல்முறையாகப் பியானோ வாசிக்கப் போனேன்.

விழா நடந்த எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், என் டிஜிட்டல் பியானோவிலிருந்து பெரிய ஸ்பீக்கருக்கு வயர் கொடுத்தேன். பிறகு வீட்டில் செய்வதுபோல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தலைகுனிந்தபடி, பாட்டில் சரியாக வராத ஓர் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன்.

கல்யாணப் பெண்ணான அக்காவே மேடையிலிருந்து இறங்கி வந்து தோளைத் தட்டினாள்.

"ஹெட்போன் போட்டா பியானோவோட சொந்த சத்தம்தான்டி நிக்கும். அந்த ஸ்பீக்கர் நிக்காது லா! மாப்பிள்ளை வீட்டுக்கே உன் தப்பு மனப்பாடம்."

நிமிர்ந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முழுப்பாட்டையும் வாசித்தபோது அந்த இடம் சரியாக வந்துவிட்டது. பாட்டு முடியும்வரைகூடக் காத்திராமல், அந்த இடத்திலேயே கூட்டம் மொத்தமும் கைதட்டியது.

தப்பைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்தக் கைதட்டலை எப்படி மறப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.