கல்குவாரிக்குப் போன வரலாற்று டீச்சர்

ஞானம்மாள் மிஸ்ஸுக்கு போலீஸ், தாசில்தார், நாய் மூன்றையும் கண்டால் பயம். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், சந்தாபுராவில் ஒரு பள்ளியில் இருபது வருடமாக வரலாறு நடத்திவந்தார்.

1997இல் ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்க அடிமைமுறை ஒழிப்புப் பாடம். வழக்கம்போல ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். கடைசி பெஞ்சிலிருந்து யாமினி எழுந்தாள்.

“சட்டம் போட்டாங்க, சரி மிஸ். தோட்டத்துல வேலை செய்ற அடிமைங்களுக்கு யாரு போய்ச் சொன்னாங்க?”

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. “தெரியலைம்மா. படிச்சிட்டு வந்து சொல்றேன்” என்றார் மிஸ்.

சனிக்கிழமை முழுக்க நூலகத்தில் தேடினார். அமெரிக்காவில் டெக்சாஸுக்கு விடுதலைச் செய்தி போய்ச்சேரவே இரண்டரை வருடம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை அதைச் சொன்னபோது வகுப்பே வாயைப் பிளந்தது. நம் நாட்டில் 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பற்றியும் சொன்னார்.

மணி அடித்த பிறகும் யாமினி போகவில்லை. “எங்க வீட்டுக்குப் பின்னாடி குவாரில கல் உடைக்கிறவங்களுக்கும் யாரும் சொல்லல போல மிஸ். தர்மபுரிக்காரங்க. ஊருக்குப் போறேன்னா விடமாட்றாங்களாம்.”

அன்று இரவே மிஸ் வீட்டில் மனு எழுத உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்ட கணவர் சாலமன், “உனக்கு எதுக்கு இந்த வம்பு?” என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “தனியா போகாத. நானும் வரேன்” என்றார்.

ஆனேக்கல் தாலுகா ஆபீசில் சாலமன் பக்கத்தில் நிற்க, மிஸ் மனுவை நீட்டினார். பயந்தாலும் கன்னடம் தடங்கலில்லாமல் வந்தது. தாசில்தார் நிமிர்ந்து பார்த்து, இதெல்லாம் டீச்சர் வேலையா என்று கேட்டார்.

“ஹௌது சார், ஆமாம்” என்றார் மிஸ். “நான் நடத்துற பாடமே இதுதான்.”

மூன்று முறை அலையவிட்டார்கள். நான்காம் முறை போனபோது ஓர் அதிகாரியோடு ஆபீஸ் ஜீப் குவாரிக்குக் கிளம்பியது, மிஸ்ஸும் ஏறிக்கொண்டார்.

குவாரியில் ஒன்பது குடும்பங்கள் இருந்தன. அதிகாரி கன்னடத்தில் படித்த விடுதலை உத்தரவை மிஸ் தமிழில் சொன்னார். பாமா என்கிற பெண் கேட்டாள்:

“நெசமாவாம்மா? முதலாளிகிட்ட வாங்கின கடன்?”

“அது செல்லாதும்மா. நீங்க எங்க வேணா போகலாம்.”

பாமா சுத்தியலைப் போட்டுவிட்டு, மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மிஸ்ஸும் அழுதார். ஜீப் டிரைவர்தான் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

எட்டுக் குடும்பங்கள் ஊருக்குப் போயின. பாமா சந்தாபுராவிலேயே தங்கி, பஸ் ஸ்டாண்டு அருகில் இட்லிக் கடை போட்டாள். ரிட்டயராகும் வரை மிஸ்ஸுக்குக் காலை டிபன் அங்கேதான். பாமா எப்போதும் இரண்டு இட்லி கூடவே வைப்பாள். “போதும் பாமா, எனக்கு சுகர் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே மிஸ் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்பார்.